பரிசோதனைக்கு ஆள் வராதது ஏன்? ஹெப்பகோடி தரும் விடை

பெங்களூரில் இருந்து ஓசூர் செல்லும் சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டியதும் வருவது ஹெப்பகோடி. ஒரு பக்கம் பயோகான் மருந்து நிறுவனம். அடுத்தாற்போல் பொம்மசந்திரா தொழிற்பேட்டை. அங்கே, நாடு முழுவதும் இருந்து இருதய நோயாளிகள் தேடி வரும் நாராயணா ஆஸ்பத்திரி. 2025-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி மஞ்சள் வழித்தட மெட்ரோ ரெயில் ஓடத் தொடங்கியது. ஹெப்பகோடிக்கும் ஒரு ஸ்டேஷன் கிடைத்தது.

பெரிய கட்டிடங்களுக்குப் பின்னால் உள்ள சந்துகளில், கூரைத் தகடு போட்ட வரிசை வீடுகள். கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம், திருவண்ணாமலை பக்கங்களில் இருந்து பிழைக்க வந்த தமிழர்கள், வட கர்நாடகத்தார், ஆந்திரர்கள், ஒடிசா, பீகார் இளைஞர்கள் என்று பலரும் இங்கே குடியிருக்கிறார்கள். ஓர் அறைக்கு நான்கைந்து பேர். பல வீடுகளுக்குப் பொதுவாக ஒரு கழிப்பறை.

மருத்துவ விஞ்ஞானத்துக்கு இவ்வளவு பக்கத்தில் வாழும் தொழிலாளர்கள் நாட்டில் அதிகம் பேர் இருக்க முடியாது. ஆயினும் கொரோனா காலத்தில், காய்ச்சல் கண்ட தொழிலாளி பரிசோதனைக்குப் போகாமல், மருந்துக் கடையில் 2 மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு ஷிப்டுக்குப் போனது இது போன்ற தெருக்களில்தான்.

என்ன காரணம்? அறியாமை என்று அதிகாரிகள் சொல்வது வழக்கம். அது பாதி உண்மைகூட அல்ல.

இந்தக் கேள்வி பழங்கதை ஆகிவிடவில்லை. 2025-ம் ஆண்டு மே மாதம் 20-ந் தேதி ஜெனீவாவில் கூடிய உலக சுகாதார சபை, பெருந்தொற்று உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. தடுப்பூசி, மருந்து, பரிசோதனைக் கருவிகள் ஏழை நாடுகளுக்கும் நியாயமாகக் கிடைக்க வேண்டும் என்பது அதன் முக்கிய நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் கருவி வந்து சேர்ந்தால் மட்டும் போதாது. அதன் முன்னால் மனிதனும் வந்து நிற்க வேண்டும்.

முதல் பலி தந்த எச்சரிக்கை

இந்தியாவில் கொரோனாவுக்கு முதலில் பலியானவர் கர்நாடகத்தைச் சேர்ந்தவர். கலபுரகியைச் சேர்ந்த 76 வயது முதியவர் அவர். சவுதி அரேபியாவில் இருந்து திரும்பியிருந்தார். 2020-ம் ஆண்டு மார்ச் 10-ந் தேதி இரவு இறந்தார். அவருக்குக் கொரோனா இருந்தது உறுதியாக அறிவிக்கப்பட்டது 12-ந் தேதி. உயிர் போன பிறகு முடிவு வந்தது.

அந்த ஆண்டு ஜனவரியில், புனேயில் உள்ள தேசிய வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தைத்தான் நாடே நம்பியிருந்தது. பிறகு வேகமாக வளர்ச்சி ஏற்பட்டது. ஆகஸ்டு மாதக் கடைசியில் நாட்டில் சுமார் 1,500 பரிசோதனைக் கூடங்கள் இயங்கின. ஆகஸ்டு 21-ந் தேதி ஒரே நாளில் 10 லட்சத்துக்கும் அதிகமான பரிசோதனைகள் நடந்தன.

இதில் பெங்களூரின் பங்கும் உண்டு. பெங்களூரைச் சேர்ந்த பிக்டெக் ஆய்வுக்கூடம், காச நோயைக் கண்டுபிடிப்பதற்காக உருவாக்கிய 'ட்ரூநேட்' என்ற சிறிய கருவி, 2020 ஏப்ரல் முதல் கொரோனா பரிசோதனைக்கும் பயன்பட்டது. பாட்டரியில் இயங்கும் இந்தக் கருவியை தாலுகா ஆஸ்பத்திரிகளிலும் வைக்க முடிந்தது. பொம்மசந்திராவில் உள்ள சின்ஜீன் நிறுவனமும் தன் ஆய்வுக்கூடத்தில் கொரோனா பரிசோதனை நடத்தியது.

விலை இறங்கிய கதை

அடுத்த தடை, கட்டணம். 2020 மார்ச் மாதம் தனியார் கூடங்கள் அதிகபட்சமாக 4 ஆயிரத்து 500 ரூபாய் வாங்கலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நிர்ணயித்தது. நாள் ஒன்றுக்கு 500 ரூபாய் கூலி வாங்குகிறவருக்கு இது 9 நாள் உழைப்பு.

தனியார் கூடங்களும் இலவசமாகவே பரிசோதிக்க வேண்டும் என்று ஏப்ரல் 8-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. 5 நாட்களில் அந்த உத்தரவு திருத்தப்பட்டது. அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குத் தகுதியுள்ள ஏழைகளுக்கு மட்டும் இலவசம் என்று ஆயிற்று. மே மாதக் கடைசியில் விலை உச்சவரம்பு நீக்கப்பட்டு, மாநில அரசுகளே பேசி முடிவு செய்யலாம் என்று விடப்பட்டது. தமிழ்நாட்டில் ஜூன் மாதம் 3 ஆயிரம் ரூபாய் ஆனது. கர்நாடகத்தில் படிப்படியாகக் குறைந்து, டிசம்பரில் 800 ரூபாய்க்கு வந்தது. அரசாங்க மையங்களில் காசு கேட்கவில்லை.

டாக்டர் சீட்டு வேண்டும் என்ற தடையும் தளர்ந்தது. செப்டம்பர் 4-ந் தேதி, விரும்புகிற எவரும் கேட்டுப் பரிசோதனை செய்து கொள்ளலாம் என்று ஆராய்ச்சிக் கவுன்சில் அறிவித்தது. 2021 மே மாதம், புனேயில் உள்ள மைலேப் நிறுவனத்தின் சோதனைப் பெட்டிக்கு அனுமதி கிடைத்தது. 250 ரூபாய்க்கு வாங்கி வீட்டிலேயே மூக்கில் குச்சி விட்டுப் பார்த்துக் கொள்ளலாம்.

கூடம் வந்தது. விலை இறங்கியது. சீட்டும் தேவையில்லை. அப்படியும் பலர் தயங்கினார்கள் என்றால், தயக்கம் வேறு எங்கோ இருந்தது என்று பொருள்.

முடிவு வந்தால் என்ன ஆகும்?

பரிசோதனைக்குப் போகும் தொழிலாளியின் மனதில் இரண்டு கேள்விகள் எழும். "எனக்கு நோய் இருக்கிறதா?" என்பது ஒன்று. "இருக்கிறது என்று சொல்லிவிட்டால் 14 நாள் சோற்றுக்கு என்ன செய்வது?" என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குக் கூடம் பதில் சொல்லும். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். நாள் கூலி 500 ரூபாய் என்றால் 14 நாளுக்கு 7 ஆயிரம் ரூபாய். இ.எஸ்.ஐ. திட்டத்தில் இருப்பவருக்கு, கொரோனா காலத்தில் இருந்த விதிப்படி, சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். ஆனால் முதல் 2 நாளுக்குப் பணம் இல்லை. மீதி 12 நாளுக்கு, நாள் ஒன்றுக்கு 350 வீதம் 4 ஆயிரத்து 200 ரூபாய். ஆக, எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் 2 ஆயிரத்து 800 ரூபாய் நஷ்டம்.

அதுவும் எல்லாருக்கும் அல்ல. 6 மாத காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு இந்த உதவி கிடைக்க ஏறத்தாழ 9 மாதம் ஆகும். காண்டிராக்டர் மாறும்போதெல்லாம் கணக்கு அறுந்து போகிறவர்களின் நிலையைச் சொல்லத் தேவையில்லை. நோயாளியோடு பழகியவர் என்பதற்காக மட்டும் வீட்டில் இருக்கச் சொல்லப்பட்டவர், நோயாளி என்ற கணக்கிலும் எளிதில் சேர மாட்டார்.

கர்நாடக அரசு உதவியே செய்யவில்லை என்று சொல்வது நியாயம் ஆகாது. 2020 மே மாதம் ஆட்டோ, டாக்சி டிரைவர்கள், சலவைத் தொழிலாளர்கள், முடி திருத்துவோர் ஆகியோருக்குத் தலா 5 ஆயிரம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. கட்டிடத் தொழிலாளர்களுக்கும் நல வாரியம் மூலம் பணம் தரப்பட்டது. ஆனால் இவை ஊரடங்கினால் வேலை இழந்தவர்களுக்கான உதவி. ஊரடங்கு தளர்ந்து ஆலைகள் திறந்த பிறகு, "எனக்குக் காய்ச்சல்" என்று உண்மையைச் சொல்லி வேலையை நிறுத்துகிற தொழிலாளிக்குத் தனியாக எதுவும் இல்லை. பொய் சொன்னவருக்குக் கூலி. உண்மை சொன்னவருக்குப் பட்டினி என்ற நிலை.

சேமிப்புப் பணத்தின் அருமை ஹெப்பகோடிக்குப் புதிதல்ல. 2016 ஏப்ரல் மாதம், பிராவிடண்டு பண்டில் முதலாளி கட்டும் பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்ற புதிய விதியை எதிர்த்து, ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள் ஓசூர் சாலையில் திரண்டார்கள். ஹெப்பகோடி போலீஸ் நிலையத்தில் வாகனங்கள் எரிந்தன. மத்திய அரசு அந்த விதியை உடனே வாபஸ் வாங்கியது. கஷ்ட காலத்துக்கு அந்தப் பணம் ஒன்றுதான் கதி என்பதால் எழுந்த ஆவேசம் அது. 4 ஆண்டுகளுக்குப் பிறகு கொரோனா வந்தபோது, மத்திய அரசே பிராவிடண்டு பண்டில் இருந்து 3 மாதச் சம்பளம் வரை எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. அதாவது, நோயைப் பரப்பாமல் இருப்பதற்கான செலவைத் தொழிலாளி தன் முதுமைக்கால சேமிப்பில் இருந்தே செய்து கொண்டார்.

ஒருவர் மூக்கு, ஐவர் கூலி

அறைக்கு 5 பேர் குடியிருக்கும் இடத்தில் பரிசோதனை என்பது ஒருவருடைய சொந்த விஷயம் அல்ல. ஒருவருக்கு நோய் உறுதியானால் மற்ற 4 பேரும் 'தொடர்பில் இருந்தவர்கள்' ஆகிவிடுகிறார்கள். 5 பேருக்கும் 14 நாள் வேலை போனால் அந்த அறைக்கு நஷ்டம் 35 ஆயிரம் ரூபாய். ஆகவே, "போகாதே, ரெண்டு நாளில் சரியாகிவிடும்" என்று தடுப்பவர்கள் கூட இருப்பவர்களே. அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல முடியுமா? ஊரில் மாதாமாதம் மணியார்டரை எதிர்பார்த்த குடும்பங்கள், இப்போது போனில் பணம் வருமா என்று காத்திருக்கின்றன. அந்தக் கவலைதான் அவர்களைப் பேச வைக்கிறது.

2020 ஜூலையில், லேசான நோய் உள்ளவர்கள் வீட்டிலேயே இருக்கலாம் என்று கர்நாடகத்தில் அனுமதிக்கப்பட்டது. அதற்குத் தனி அறை, தனிக் கழிப்பறை வேண்டும். வரிசை வீட்டுக்காரருக்கு அது ஏது? அவர் பராமரிப்பு மையத்துக்குத்தான் போயாக வேண்டும். 10 ஆயிரத்து 100 படுக்கைகள் என்று அறிவிக்கப்பட்ட மிகப் பெரிய மையம், நகரின் மறு கோடியில் தும்கூர் சாலையில் கண்காட்சி மைதானத்தில் அமைந்தது. ஆட்கள் போதிய அளவு வராத நிலையில் செப்டம்பரில் அது மூடப்பட்டது.

கதவில் அடித்த தகரம்

கூலிக்கு அடுத்தது மானம். 2020 மார்ச்சில், வெளிநாட்டில் இருந்து வந்தவர்களின் கையில் அழியாத மையால் முத்திரை குத்தினார்கள். வீட்டுத் தனிமையில் இருந்த ஆயிரக்கணக்கானவர்களின் முகவரியை கர்நாடக அரசே பட்டியலாக வெளியிட்டது. ஜூலையில் தொம்லூர் அடுக்குமாடிக் கட்டிடம் ஒன்றில், குடும்பங்கள் உள்ளே இருக்கும்போதே 2 வீடுகளின் வாசலைத் தகரம் வைத்து மாநகராட்சி ஊழியர்கள் அடைத்துவிட்டார்கள். படம் நாடெங்கும் பரவியது. கமிஷனர் மஞ்சுநாத பிரசாத் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, தகரத்தை அகற்றச் செய்தார். மன்னிப்பு நல்ல காரியம். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் பரிசோதனைக்குப் போகும் எண்ணத்தைக் கைவிட்டிருப்பார்கள்?

நோயாளிகளின் வீட்டு வாசலில் நோட்டீசு ஒட்டக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னது டிசம்பர் 9-ந் தேதி. அதற்குள் முதல் அலை ஓய்ந்துவிட்டது.

மறுபக்கமும் உண்டு. ஆகஸ்டு 2-ந் தேதி அன்றைய முதல்-மந்திரி எடியூரப்பா தனக்குக் கொரோனா இருப்பதாக அறிவித்தார். அடுத்து எதிர்க்கட்சித் தலைவராக இருந்த சித்தராமையா. 17-ந் தேதி பயோகான் தலைவி கிரண் மஜும்தார் ஷா. பெரியவர்கள் வெளிப்படையாகச் சொன்னதால் நோய் பற்றிய கூச்சம் ஓரளவு குறைந்தது. ஆனால் அவர்கள் யாரும் வாடகை வீட்டில் இருந்து வெளியேற்றப்படும் நிலையில் இல்லை. வாடகை கேட்டுத் தொழிலாளர்களை வெளியேற்றக்கூடாது என்று 2020 மார்ச் 29-ந் தேதி மத்திய உள்துறை போட்ட உத்தரவு, ஒரு மாத வாடகையை மட்டுமே தள்ளி வைத்தது. நோய் வந்தவரை வீட்டுக்காரர் "காலி பண்ணு" என்றால் யாரிடம் போவது என்பது தொழிலாளிக்குத் தெரியவில்லை.

தாராவி செய்தது என்ன?

மாற்று வழி இல்லையா? இருக்கிறது. அதைக் காட்டியதும் தமிழர்கள் நிறைந்த ஒரு பகுதிதான்.

மும்பை தாராவியில், சுமார் இரண்டரை சதுர கிலோ மீட்டரில் 8 லட்சத்துக்கும் அதிகமானோர் வசிக்கிறார்கள். திருநெல்வேலி ஜில்லாவில் இருந்து தலைமுறை தலைமுறையாகக் குடியேறியவர்கள் அங்கே ஏராளம். 2020 ஏப்ரல் 1-ந் தேதி முதல் நோயாளி கண்டுபிடிக்கப்பட்டபோது, தாராவி சுடுகாடாகும் என்று பலர் பயந்தார்கள்.

நடந்தது வேறு. நோயாளி வரட்டும் என்று மும்பை மாநகராட்சி காத்திருக்கவில்லை. அந்தப் பகுதியில் ஏற்கனவே வைத்தியம் பார்த்து, மக்களின் நம்பிக்கையைப் பெற்றிருந்த தனியார் டாக்டர்களையே அழைத்துக்கொண்டு தெருத்தெருவாகக் காய்ச்சல் முகாம் நடத்தியது. பள்ளிக்கூடங்களும் கல்யாண மண்டபங்களும் தனிமை மையங்கள் ஆயின. அங்கே போனவர்களுக்கு இலவசச் சாப்பாடும் டாக்டர் கவனிப்பும் கிடைத்தன. வீட்டில் இருப்பவர்களைப் பசியோடு விடாமல் உணவுப் பொருள்களும் வழங்கப்பட்டன. ஜூலை 10-ந் தேதி உலக சுகாதார அமைப்பின் தலைவரே தாராவியைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். டிசம்பர் 25-ந் தேதி அங்கே ஒரு புதிய நோயாளிகூட இல்லை என்ற செய்தி வந்தது.

பரிசோதனைக்குப் போனால் சோறு கிடைக்கும், திரும்பி வர வீடு இருக்கும் என்ற நம்பிக்கை பிறந்தால் ஜனங்கள் வருவார்கள் என்பதுதான் தாராவி தரும் பாடம்.

பணக்கார நாடுகளிலும் இதே கதை

இது ஏழை நாட்டுக்கு மட்டும் உரிய சங்கடம் அல்ல. 2020 நவம்பரில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில், நோய்க்குறி இல்லாதவர்களும் இலவசமாகப் பரிசோதனை செய்து கொள்ளலாம் என்று ராணுவத்தின் உதவியோடு மையங்கள் திறக்கப்பட்டன. வசதியான பகுதிகளைவிட ஏழைகள் வாழும் பகுதிகளில் குறைவான பேர்களே வந்தார்கள். சம்பளம் போய்விடும் என்ற பயம் முக்கிய காரணம் என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். குறைந்த வருமானம் உள்ளவர்கள் வீட்டில் தங்கினால் 500 பவுன் உதவி என்று இங்கிலாந்து அரசு ஏற்கனவே அறிவித்திருந்தும், அது எல்லாருக்கும் எட்டவில்லை.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போனது. பரிசோதனை செய்துகொண்டு, முடிவுக்காக வீட்டில் காத்திருக்கும் தொழிலாளிக்கு 450 டாலர். நோய் உறுதியானால் 1,500 டாலர். காத்திருக்கும் நாளுக்கும் கூலி உண்டு என்பதே இதன் சிறப்பு.

இந்தியாவில் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. காச நோயாளிகளின் சத்துணவுக்காக மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக உயர்ந்தது. நோயைக் கண்டுபிடிப்பதோடு அரசின் கடமை முடியவில்லை என்ற எண்ணம் அங்கே ஏற்றுக்கொள்ளப்பட்டு விட்டது. வேகமாகப் பரவும் தொற்று நோய்க்கு அதே நியாயம் இன்னும் அதிகமாகவே பொருந்தும்.

செய்ய வேண்டியது என்ன?

அடுத்த பெருந்தொற்று எப்போது வரும் என்று எவராலும் சொல்ல முடியாது. வருவதற்கு முன்பே சிலவற்றைச் சட்டமாக எழுதி வைக்க முடியும்.

முதலாவதாக, பெருந்தொற்று என்று அறிவிக்கப்பட்ட காலத்தில் இ.எஸ்.ஐ. உதவி முதல் நாளில் இருந்தே, முழுச் சம்பளத்துக்கு வழங்கப்பட வேண்டும். 78 நாள் விதியை அப்போது தள்ளி வைக்க வேண்டும். நோயாளியோடு அறையில் இருந்தவர்களையும் இதில் சேர்க்க வேண்டும்.

இரண்டாவதாக, பரிசோதனை தொழிலாளியின் நேரத்துக்கு வர வேண்டும். காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை திறந்திருக்கும் மையம், ஷிப்டில் இருப்பவருக்கு மூடிய மையம்தான். இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் ஆலை வாசலிலும் குடியிருப்புத் தெருவிலும் முகாம் நடக்க வேண்டும். அரை மணியில் முடிவு தெரியும் விரைவுப் பரிசோதனை முதலில். நோய்க்குறி இருந்தும் இல்லை என்று வந்தால், உறுதிப்படுத்த ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனை. தகவல் கன்னடத்தோடு தமிழ், தெலுங்கு, இந்தி மொழிகளிலும் வர வேண்டும்.

மூன்றாவதாக, தனிமை மையம் தாலுகாவுக்கு உள்ளேயே இருக்க வேண்டும். ஹெப்பகோடி தனி நகரசபை. கொரோனா காலத்தில் பெங்களூர் மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருந்தது. ஆனேக்கல் தாலுகாவில் உள்ள பள்ளிகளையும் மண்டபங்களையும் முன்கூட்டியே குறித்து வைப்பது மாவட்ட நிர்வாகத்தின் வேலை.

நான்காவதாக, நோயாளியின் பெயரை வெளியிடுவதும், நோய்க்காக வீட்டைக் காலி செய்யச் சொல்வதும் தண்டனைக்குரிய குற்றமாக வேண்டும்.

தொழிலாளர்களும் இப்போதே செய்து கொள்ளக்கூடிய காரியங்கள் உண்டு. இ.எஸ்.ஐ. எண் உயிரோடு இருக்கிறதா, சம்பளத்தில் பிடித்த சந்தா உண்மையில் கட்டப்படுகிறதா என்று பார்த்துக் கொள்ள வேண்டும். காண்டிராக்டர் கட்டாவிட்டால் ஆலை நிர்வாகத்தைக் கேட்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. ஊர் விலாசமும் பழைய போன் நம்பரும் இருந்தால் மாற்றிக் கொள்ள வேண்டும். பரிசோதனை முடிவும் பணமும் அந்த நம்பருக்குத்தான் வரும்.

நஞ்சன்கூட்டில் 2020 மார்ச் கடைசியில், ஒரு மருந்து ஆலைத் தொழிலாளி ஒருவருக்குக் கண்ட நோய், சில வாரங்களில் 70-க்கும் மேற்பட்டவர்களைத் தொற்றியது. ஆலையில் ஒருவருக்கு வந்தால் அது ஆலைக்கே வந்தது போல. ஆகவே, தொழிலாளியை 14 நாள் சம்பளத்தோடு வீட்டில் வைப்பது தர்மம் அல்ல. ஆலையைத் திறந்து வைப்பதற்கான செலவு. 7 ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் ஆலையையே மூடுவதா என்பதை முதலாளிகளும் அரசாங்கமும் இப்போதே யோசிப்பது நல்லது.